புதன்கிழமை அரைநாள் லீவு

சலவைக்கூடத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் படுக்கை விரிப்புகள் வெளுத்து வெளியே போகும். ஒரு மாதத்துக்குப் பன்னிரண்டு ஆட்களும் வெளியே போவார்கள். விரிப்புகளைப் பற்றித் தலைமை அலுவலகம் வாசலில் பலகை எழுதி மாட்டியிருந்தது. ஆட்களுக்காக ஒரு மென்பொருள் வாங்கியது.

அது தயாரித்த முதல் பட்டியல் ஒரு திங்கட்கிழமை காலை மேலாளரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. மேலாளர் உடனே பணியாளர் அலுவலரைக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் இருக்கும் இருநூற்றுப் பத்துப் பேருக்கும் லீவு கொடுப்பவள் அவள் என்பதால் எல்லோருக்கும் அவள் லீவு மேடம். மேலாளருக்கும் பட்டப்பெயர் உண்டு. மழை வருமா என்று கேட்டால்கூட நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் மனிதர், அதனால் சதவீதம். அது அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“கதவைச் சாத்திட்டு உக்காருங்க மேடம். முதல்ல இதுல ஒரு கையெழுத்து.”

அவள் படித்துப் பார்த்தாள். பட்டியலில் இருக்கிறவர்களிடம் பட்டியலைப் பற்றிப் பேசக் கூடாது. யார் எந்த நிறத்தில் இருக்கிறார் என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டாள்.

“அடுத்த மூணு மாசத்துல யாரு வேலைய விட்டுப் போவாங்கன்னு இது சொல்லிடும். முப்பது வரைக்கும் பச்சை. அறுபது வரைக்கும் மஞ்சள். அதுக்கு மேல சிவப்பு.” மேலாளர் தாளை அவள் பக்கம் திருப்பினார். “பொறுமையா பாருங்க.”

பொறுமை தேவைப்படவில்லை. சிவப்பில் முதல் பெயர் ஒரு வண்டி ஓட்டுநர், எண்பத்தாறு. இரண்டாவது பெயர், பாய்லர் இரண்டாம் வகுப்பு, காலை ஷிப்ட், எண்பத்தொன்று. அந்த இரண்டாவது ஆளோடு அவள் பதினேழு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

“உங்க வீட்டுக்காரர் பேரை மறைச்சிட்டுக் குடுக்கலாமான்னு யோசிச்சேன்” என்றார் மேலாளர். “மறைச்சா, ஒரு ஆள் குறையுதேன்னு எண்ணிப் பாத்துடுவீங்க.”

“பாத்துடுவேன் சார்.”

“அதான்.”

பெயருக்கு எதிரே அறிகுறிகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அனுபவச் சான்றிதழும் இரண்டு வருஷச் சம்பளச் சீட்டுகளும் ஒரே நாளில் பதிவிறக்கம். இரண்டு மாதத்தில் நான்கு புதன்கிழமை அரைநாள் லீவு. ஆறு வாரமாக உணவுக்கூடத்துக்கு வரவில்லை.

இந்த வாசகங்களை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குப் பட்டது. எங்கும் கேட்கவில்லை, அவளே சொன்னதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் மென்பொருள் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் மடிக்கணினியோடு வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒருத்தர் வேலையை விடப் போகிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம் என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருஷ அனுபவத்தை யாராவது உட்கார வைத்துக் கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வராது. சான்றிதழ் கேட்பார்கள், வாரத்தின் நடுவில் அரைநாள் போடுவார்கள், கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்று வரிசையாகச் சொன்னாள். அவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள்.

“சரி சார், சிவப்புல இருக்கிறவங்கள ஒவ்வொருத்தரா கூப்பிட்டு என்ன குறைன்னு கேட்டுடலாம். போறவங்கள நிறுத்தத்தானே இத வாங்கினோம்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்.” மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேலிடத்துல வேற மாதிரி சொல்றாங்க. போகப் போற ஆளுக்கு எதுக்குச் செலவு பண்ணணும்ங்கிறாங்க. பயிற்சி, பதவி உயர்வு, எதுக்கும் சிவப்புப் பேரு போகக் கூடாது.”

“முதல் வகுப்புப் பரிட்சைக்கு ஒருத்தர் பேரு அனுப்பணுமே சார்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். பாய்லருக்கு இருக்கிறதே மூணு பேரு. ஒருத்தர் ஓய்வு பெறப் போறார், ஒருத்தர் சிவப்பு. மிச்சம், புதுசா வந்த பையன்தான்.”

பாய்லருக்குத் தலைமை ஆளாக வேண்டுமென்றால் முதல் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பரிட்சைக்கு நிறுவனம் பெயர் கொடுத்தால்தான் உட்கார முடியும். இப்போதிருக்கும் தலைமை ஆள் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். புதிதாக வந்தவனுக்கு இருபத்தாறு வயது. அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது காலியாக முப்பது வருஷம் ஆகும். பதினாறு வருஷமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் அவள் புருஷன் நின்றபடியே ஓய்வு பெறுவான்.

இதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது புதன்கிழமை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை செய்வதால், கூடத்திலேயே அவனுடைய லீவு விண்ணப்பம் மட்டும் அவளிடம் வராது. நேராக மேலாளருக்குப் போய்விடும். நான்கு புதன்கிழமையும் அவன் வழக்கம்போல ஆறு மணிக்குக் கால் மணி முன்னால் காலி டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். இன்று வேலை எப்படி என்று அவள் கேட்டிருக்கிறாள். ஓடுது என்று சொல்லியிருக்கிறான்.

*

மேலாளர் அறையிலிருந்து அவள் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் இஸ்திரிப் பகுதியைக் கடந்துதான் போக வேண்டும். வெளியே காற்று அனலாக அடித்தது. உள்ளே அதைவிட மோசம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு அகலமான உருளைகள் நீராவியில் கொதித்துக்கொண்டு சுற்றும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து ஊட்டுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் காய்ந்து வருவதைப் பிடித்து மடிப்பார்கள். நீராவி அழுத்தம் அரைப் புள்ளி இறங்கினாலும் விரிப்பு நசநசவென்று வரும். உடனே மடிப்புப் பெண்கள் பின்சுவரைத் தட்டுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர் அறை.

“மேடம், உங்க வீட்டுக்காரர் தூங்கிட்டாரா பாருங்க. துணியெல்லாம் அழுதுகிட்டு வருது.”

“எங்கிட்ட ஏன் சொல்றீங்க? சுவத்தைத் தட்டுங்க.”

“நாங்க சுவத்தைத்தான் தட்ட முடியும். நீங்கதான் ஆளையே தட்டலாம்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மடிப்பு மேஜைக்குப் பெரியவள் மட்டும் சிரிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அலுவலகத்துக்கு வந்தாள். எட்டு வருஷமாக ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. எதையும் கேட்டதுமில்லை. பட்டியலில் அவளுக்கு ஆறு. கரும்பச்சை.

“வேலைய விட்டுடறேன் மேடம். பாரம் குடுங்க.”

“என்ன அக்கா திடீர்னு?”

“திடீர்னு இல்ல. எட்டு வருஷம் யாரோ ஒரு மனுஷன் வந்து நாளைக்கு ஷிப்ட் மாறுதுன்னு சொல்லுவாங்க. முடியாதுன்னா மூஞ்சியச் சுளிப்பாங்க. சரி, நாமளும் சுளிச்சிட்டுப் போவோம். இப்ப ஃபோன் மாத்துது. நான் யார்கிட்டப் போய் மூஞ்சியக் காட்டறது?”

“எங்கிட்ட வந்திருக்கலாமே.”

“வந்தேன் மேடம். செயலியில போட்டு விடுங்கன்னு சொன்னீங்க.”

லீவு மேடத்துக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிற வார்த்தை. யாரிடம் சொன்னோம் என்று எப்படி நினைவிருக்கும். விலகல் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அவளே தயாரித்த படிவம். மடிப்புக்காரி ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்து கடைசிக் கேள்வியில் நின்றாள். உங்களை இங்கேயே இருக்கச் செய்ய நிறுவனம் என்ன செய்திருக்கலாம்? கீழே இரண்டு கோடு.

“இந்த ரெண்டு கோட்டுக்குள்ள எங்க மேடம் எழுதறது?”

“சுருக்கமா எழுதுங்க அக்கா. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க.”

மடிப்புக்காரி ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் தலைக்குப் பின்னால் அறிவிப்புப் பலகையில் பல சுற்றறிக்கைகள் தொங்கின. ஒன்று கடவுச்சொல்லைப் பற்றியது. ஒருவருடைய கடவுச்சொல்லை இன்னொருவர் பயன்படுத்தினால் வேலை போகும்; கணவன் மனைவியாக இருந்தாலும் சரி. அந்தக் கடைசித் தொடரை லீவு மேடமே சேர்த்தாள். கூடத்தில் மூன்று ஜோடிகள் வேலை செய்கிறார்கள்; நாளைக்கு யாரும் சாக்குச் சொல்லக் கூடாது பாருங்கள்.

*

வீட்டில் அன்று சாயங்காலம் சோறும் முட்டையும்தான். பத்தாவது படிக்கும் மகள் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பாய்லர்காரன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். குளித்தாலும் அவன் கழுத்து மடிப்பில் லேசாக எண்ணெய் வாசனை இருக்கும். அது அவன் வாசனையே ஆகிவிட்டது.

“இன்னிக்கு அழுத்தம் இறங்கிடுச்சாமே” என்றாள் அவள்.

“தண்ணி பம்ப் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுச்சு. அதுக்குள்ள சுவத்தை இடிச்சுட்டாங்க.”

“மதியம் எங்க சாப்பிட்டீங்க?”

“எங்க சாப்பிடுவேன்? வாயிலதான்.”

மகள் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

“உணவுக்கூடத்துல உங்களைப் பாக்கவே முடியலன்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றா?”

“பொதுவா சொல்றாங்க.”

“பொதுவா ஒருத்தன் எங்க சாப்பிடறான்னு பாக்கறதுதான் இப்ப வேலையா அங்க?” அவன் முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை மகள் தட்டில் வைத்தான். “பாப்பா, எட்டுல அஞ்சு பங்குன்னா நூத்துக்கு எவ்வளவு?”

“அறுபத்திரெண்டரை” என்றாள் மகள், தலையை நிமிர்த்தாமல். “நேத்தே சொன்னேன்.” சொன்னவள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தண்ணீரைக் குடித்தாள்.

பாத்திரம் தேய்க்கும்போது அவள் மகளைப் பிடித்தாள். “நேத்து என்ன சொன்னே அப்பாகிட்ட?”

“எனக்கு எதுவும் தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“அம்மாகிட்ட மறைக்கிற அளவுக்கு என்னடி சத்தியம்?”

“நீ மட்டும்? சாயங்காலத்துலேருந்து அப்பா மூஞ்சியையே பாத்துட்டிருக்க. என்னன்னு கேட்டா ஆபீஸ் விஷயம்ங்கிற.” மகள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். “நம்ம வீட்ல மூணு பேரு இருக்கோம். மூணு பேரும் வாயில பூட்டு.”

பதினேழு வருஷத்தில் சந்தேகப்பட ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லை என்பதால் எங்கே தொடங்குவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் விலகிப் போனவர்களின் பழைய படிவங்களை எடுத்து எடுத்து வைத்தாள். எல்லோரும் வேறு வேலைக்குத்தான் போனார்கள் என்று எழுதியிருந்தது. வீட்டை விட்டுப் போனவர்களுக்கு அங்கே கட்டமில்லை.

*

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் பாய்லர் அறைக்குப் போனாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனது. அப்புறம் படி ஏறியதில்லை. உள்ளே பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டும். இரும்பு வயிறு உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதிக்குத் தண்ணீர் நடுங்கியது. அவன் மணிக்கொரு தடவை எழுத வேண்டிய பதிவேட்டில் எழுதிவிட்டு, சட்டையை மாற்றிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். வேலைச் சட்டை இல்லை. துவைத்து மடித்த நீலச் சட்டை.

“எங்க கிளம்பிட்டீங்க?”

அவன் திடுக்கிடவில்லை. “பம்புக்கு ஒரு சாமான் வாங்கணும்.”

“போன புதன்கிழமையும் பம்புதானா? அதுக்கு முந்தின புதன்கிழமையும்?”

பொத்தானில் இருந்த கை நின்றது. அவன் அவளைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

“என் லீவு உங்கிட்ட வராதே” என்றான். “எப்படித் தெரியும்?”

அவள் அவன் கழற்றிப் போட்ட வேலைச் சட்டையை எடுத்து மடித்தாள்.

“சதவீதம் சொன்னாரா?”

“அவரு சொல்லல.”

“அப்ப எங்க பாத்த?”

“அத நான் சொல்லக் கூடாது.”

“சரி. நானும் சொல்லல.” அவன் கடைசிப் பொத்தானைப் போட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் பதிவேடு எழுதுகிற முகத்தோடு சொன்னான்.

“நீங்க வேலைய விடப் போறீங்கன்னு ஒரு கணிப்பு” என்றாள் அவள். கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள். “நூத்துக்கு எண்பத்தொண்ணு. அதனால பரிட்சைக்கு உங்க பேரு போகாது. சின்னவன் பேரு போகுது. போதுமா? இப்பவாவது சொல்லுங்க, எங்க போறீங்க?”

அவன் மூலையிலிருந்த பெஞ்சின் அடியிலிருந்து ஒரு பையை எடுத்து அவளிடம் நீட்டினான். உள்ளே கோடு போட்ட நோட்டு. பக்கம் பக்கமாகக் கணக்கு. இத்தனை எடை தண்ணீர் ஆவியாக எவ்வளவு வெப்பம் வேண்டும், இத்தனை எரிபொருளில் நூற்றுக்கு எத்தனை பங்கு வீணாகிறது. ஓரத்தில் சிவப்பு மையில் மகளின் கையெழுத்து: அப்பா, பின்னத்தைத் தலைகீழாக்க மறந்துட்டீங்க.

“தொழிற்பயிற்சிப் பள்ளியில புதன்கிழமை மதியம் கணக்கு வகுப்பு. பசங்களோட பின்பெஞ்சுல உக்காந்திருக்கேன். ஒருத்தன் என்னை வாத்தியார்னு நினைச்சு எழுந்து நின்னான்.”

“சாப்பாடு?”

“மதியம் இங்கயே சாப்பிட்டுட்டுக் கணக்குப் போடறேன்.”

“எங்கிட்ட சொல்றதுக்கென்ன?”

அவன் ஒரு வால்வைத் திறந்து, அடியில் படிந்த கசடு தண்ணீரோடு சீறிக்கொண்டு வெளியேறும்வரை பார்த்துவிட்டு மூடினான்.

“ஏழு வருஷம் முன்னாடி இதே பரிட்சையில கணக்குல தோத்தேனே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு உன் தங்கச்சிகிட்ட ஃபோன்ல சொன்ன. பதினஞ்சு மார்க்காம்டின்னு சொல்லிச் சிரிச்ச. நான் பக்கத்து ரூம்ல சட்டை மாத்திட்டிருந்தேன்.”

அவளுக்கு அதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள், சிரித்தும் இருப்பாள்.

“இந்தத் தடவ ஜெயிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.” அவன் பையை வாங்கிக்கொண்டான். “லீவு போட்டது நான்தான். உணவுக்கூடத்துக்குப் போகாததும் நான்தான். அதுக்கே எண்பத்தொண்ணா?”

“சான்றிதழும் சம்பளச் சீட்டும் இறக்கியிருக்கீங்களே.”

“நானா?” முதன்முறையாக அவன் சிரித்தான். “எனக்கு அந்தச் செயலிக்குள்ள போகவே தெரியாது. லீவுகூடத் தாள்ல எழுதித்தான் குடுக்கறேன். என் கடவுச்சொல் என்னன்னு உனக்குத்தானே தெரியும்.”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டினார்கள். அவன் போய் எரிப்பானைக் கொஞ்சம் ஏற்றினான். அவள் அங்கேயே நின்றாள். மூன்று மாதத்துக்கு முன்னால், வாடகைக்குப் பேசிய வீட்டின் சொந்தக்காரர் கேட்டார்: ரெண்டு பேரும் நிரந்தர வேலைதான் என்பதற்குக் காகிதம் கொண்டுவாங்கம்மா, அப்புறம் சாவி தர்றேன். அவள் அன்றைக்கே, வேலைக்கு நடுவில், தன் மேஜைக் கணினியிலேயே அவன் பெயரில் நுழைந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவனுடைய காகித வேலையெல்லாம் எப்போதும் அவள்தான் பார்ப்பாள். கடவுச்சொல் மகளின் பிறந்த தேதி.

*

மேலாளர் முழுவதையும் கேட்டார். அவள் முடித்ததும் கணினியில் எதையோ தேடிப் பார்த்தார்.

“லீவுக்கு வகுப்பு ரசீது காட்டினா அந்த மார்க் இறங்கிடும். அது மட்டும் இறங்கினா அறுபத்தெட்டு. இன்னும் சிவப்புதான். பெரிய மார்க் சான்றிதழுக்கு. அத யாரு, எதுக்கு எடுத்தாங்கன்னு எழுதிக் குடுக்கணும்.”

“அவரே எடுத்தார்னு எழுத முடியுமா சார்?”

“உங்க கணினியில காலை பதினொண்ணு மணிக்கு எடுத்திருக்கு. அதே பதினொண்ணு மணிக்கு அவரு பாய்லர் பதிவேட்டுல அழுத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார்.” அவர் அறிவிப்புப் பலகை இருந்த திசையைப் பார்த்தார். “அந்தச் சுற்றறிக்கையில உங்க கையெழுத்து இருக்கு மேடம். கணவன் மனைவியா இருந்தாலும் சரின்னு.”

“தெரியும் சார்.”

“ஒண்ணு சொல்லட்டுமா? விட்டுடுங்க. சின்னவன் பேரு போகட்டும். யாருக்கும் எதுவும் தெரியாது. உங்களை இழந்தா இந்தக் கூடம் என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்.”

“அவருக்கு அடுத்த வாய்ப்பு எப்ப சார்?”

மேலாளர் கணக்குப் போட்டார். வழக்கமாக வாய் நிறையச் சொல்கிற எண்ணை இந்தத் தடவை சொல்லவில்லை.

வீட்டில் அவனும் அதையேதான் சொன்னான். “நீ போய் எதையும் எழுதிக் குடுக்காத. நான் இரண்டாம் வகுப்பாவே இருந்துட்டுப் போறேன். ஒரு குறையும் இல்ல.”

“அப்ப அந்த நோட்டை அடுப்புல போட்டுடலாமா?”

“அடுப்புல எதுக்குப் போடணும்? பாப்பாவுக்கு ஆகும்.”

“எனக்கு அந்தக் கணக்கே வேண்டாம்பா” என்றாள் மகள். “பாய்லர்ல எவ்வளவு வீணாப் போகுதுன்னு எனக்கு எதுக்கு?”

வியாழக்கிழமை காலை அவள் எழுதிக் கொடுத்தாள். யாருடைய கடவுச்சொல், யார் கை, எந்த வீட்டுச் சொந்தக்காரருக்காக என்று ஒரு பக்கம். முடித்துவிட்டுப் பேனாவை மூடப் போனவள், மறுபடி திறந்து இன்னொரு பத்தி சேர்த்தாள். சிவப்பில் இன்னும் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அந்த அறிகுறிகளைச் சொன்னது நான். என் வீட்டு ஆள் விஷயத்தில் மூன்றும் தப்பு. மற்றவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள், ஏன் என்று கேட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பாய்லர் இரண்டாம் வகுப்பின் மதிப்பெண் இருபத்திரண்டாகத் திருத்தப்பட்டது, பெயரை அனுப்பலாம். பணியாளர் அலுவலர் தானாகவே விலகிக்கொண்டால் நடவடிக்கை தேவைப்படாது. மாதக் கடைசிவரை பணியில் இருக்கலாம். சேர்த்து எழுதிய பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

*

மாதக் கடைசி நாளில் மழை பிடித்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து வந்த அழுக்குத் துணித் தள்ளுவண்டிகள் வாசலில் நனைந்துகொண்டு நின்றன. அவள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது மேலாளர் தானே எழுந்து வந்தார். கையில் ஒரு தாள். முகம் வெளுத்திருந்தது.

“நீங்க சொன்னீங்களா மேடம்?”

“என்ன சார்?”

“காலைல டீ நேரத்துல, பத்து மணிலேருந்து பத்தேகாலுக்குள்ள, நூத்து நாற்பத்தெட்டு பேரு அனுபவச் சான்றிதழ் இறக்கியிருக்காங்க. இஸ்திரிப் பகுதி முழுக்க. துவைக்கிற பகுதி முழுக்க. தோட்டக்காரர் எடுத்திருக்கார். ஒருத்தர் ரெண்டு தடவ எடுத்திருக்கார். பட்டியல் பூரா சிவப்பு. மேலிடத்துலேருந்து ஃபோன் மேல ஃபோன்.”

“நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். ஒருத்தர்கிட்டயும் பேசல.”

அது முழு உண்மை இல்லை. ஒரே ஒருத்தரிடம் பேசியிருந்தாள், பாய்லர் அறையில். அந்த ஒருத்தர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அது மேலாளருக்கும் புரிந்திருக்க வேண்டும். பின்சுவரை ஒரு தடவை பார்த்தார். சுவர் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார், எப்போதும் அவளுக்கு எதிரே மற்றவர்கள் உட்காருகிற இடத்தில்.

“அவரு பரிட்சை எப்ப?”

“அடுத்த புதன்கிழமை சார். முழு நாள் லீவு கேட்டிருக்கார். உங்ககிட்டதான் வந்திருக்கும்.”

“வந்தது. குடுத்துட்டேன்.” அவர் தாளைக் குப்புற வைத்தார். “உங்க மார்க் என்னன்னு ஒரு தடவகூடக் கேக்கலியே நீங்க.”

“எனக்கும் இருக்கா சார்?”

“எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு. உங்களுக்கு நாலு. இந்தக் கூடத்துலயே குறைஞ்சது உங்களுதுதான். போகவே மாட்டீங்கன்னு சொல்லியிருந்தது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மேலாளர் விலகல் படிவத்தை அவள் முன்னால் வைத்தார்; விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பெயர், எண், பிரிவு, சேர்ந்த நாள், விலகும் நாள். பன்னிரண்டு வருஷம் மற்றவர்களுக்குத் தலைகீழாகப் பார்த்துப் பழகிய கட்டங்கள் முதன்முறையாக நேராகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்விக்கு வந்தாள். இரண்டு கோடு.

முதல் கோட்டில் பாதி எழுதுவதற்குள்ளேயே இரண்டு கோடு போதாது என்று தெரிந்தது. மடிப்புக்காரியின் ஞாபகம் வந்தது. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டு அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்த விதமும் ஞாபகம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அழுத்தம் சரியாக இருந்தது, யாரும் தட்டவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் படிவத்தைத் தள்ளி வைத்தாள்.

“சார், வெள்ளைத் தாள் இருக்கா?”

“எத்தனை வேணும்?”

“எடுத்துட்டு வாங்க சார். பாக்கலாம்.”